ஜூன் ஒன்றில் பிறந்த பத்துப் பேர்

இந்த உலகத்தில் நிச்சயம் என்று எதுவுமே கிடையாது என்பதை நூறு சதவீத நிச்சயத்தோடு சொன்ன ஒரே மனிதர் எங்கள் பர்சன்ட் அண்ணன்தான்.

மண்ணூர்பேட்டையில் ஓர் ஆண்கள் விடுதி. நாங்கள் முப்பது பேர். அவருக்கு வயது ஐம்பதை ஒட்டி. எங்களுக்கெல்லாம் அதில் பாதி. அவருக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில், போல்ட் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. நூறு போல்ட்டில் ஐந்தை எடுத்துப் பார்த்து, ஒன்று சரியில்லையென்றாலும் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவார். விடுதி மெஸ்ஸிலும் அதே பழக்கம். இட்லித் தட்டிலிருந்து இரண்டைப் பிட்டுப் பார்த்துவிட்டு, "லாட் ரிஜெக்ட்" என்பார். மெஸ் மாஸ்டர் உள்ளூர்க்காரர். கரண்டியோடு வந்து நிற்பார்.

"இன்னா அண்ணாத்தே, இட்லிக்கு இன்னா கொறைச்சலு?"

"ரெண்டுல ஒண்ணு கல்லு மாதிரி இருக்கு. அப்ப மீதி நாப்பதுல எத்தனை கல்லு இருக்கும், சொல்லுங்க பார்ப்போம்?"

"அத்த நீயே துன்னுப் பாத்து எண்ணிக்கோ!"

காலையில் மூன்று குளியலறைக்கும் வரிசை நிற்கும். எதில் நின்றால் சீக்கிரம் உள்ளே போகலாம் என்று சுவரில் சாய்ந்து கணக்குப் போடுவார். விடை வருவதற்குள் மூன்று வரிசையும் குளித்து, வேலைக்கும் போயிருக்கும்.

புதிர் போடாமல் அவர் யாரோடும் பேசி நான் பார்த்ததில்லை. புதிர் போட்டால் எதிராளி பதில் சொல்லும்வரையாவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பான், அதற்காகத்தான் என்று எனக்குப் புரியவே ஒரு வருஷம் ஆனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரையும் மெஸ்ஸில் கூட்டினார்.

"முப்பது பேர்ல யாராவது ரெண்டு பேருக்கு ஒரே பொறந்த நாள் இருக்க எழுபது பர்சன்ட் சான்ஸ். நம்பலைன்னா ஆதாரை எடுங்க!"

எடுத்தோம். இரண்டு பேரா? அவரையும் என்னையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு ஜூன் ஒன்று! என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"எனக்குக் கூட்டு ஒன்பது பேரா! இத்தனை வருஷமா கதவைச் சாத்திக்கிட்டு ஒத்தை ஆளா ஸ்வீட் தின்னேனே தம்பி!"

அந்தச் சந்தோஷம் இரண்டு நிமிஷம்தான். உள்ளே இருந்த கணக்கு விழித்துக்கொண்டது.

"முப்பதுல பத்தா? யுகம் கழிஞ்சாலும் வராதே!"

மெஸ் மாஸ்டர் சிரித்தார். "அது ஹெட்மாஸ்டரு போட்ட தேதி நைனா. ஜூன்ல இஸ்கூல்ல சேக்க அஞ்சு வயசு ஆவணும்ல? எம் பையனுக்கும் அத்தத்தான் போட்டு வச்சிகிறாங்க."

பர்சன்ட் அண்ணன் தன் கார்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு போல்ட்டையும் சந்தேகப்பட்டவர், தன் பிறந்த தேதியைச் சந்தேகப்பட்டதே இல்லை.

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். இவர், "எல்லாரும் அம்மாவுக்குப் போன் போடுங்க. நிஜத் தேதி வேணும்" என்றார்.

போட்டார்கள். "ஏண்டா, பொண்ணு ஏதாவது அமைஞ்சிருக்கா, ஜாதகம் கேக்குறே?" என்று ஓர் அம்மா அழுதேவிட்டார். "ஆடி அமாவாசைக்கு மறுநாள்" என்றார் இன்னொருவர். பர்சன்ட் அண்ணன் செல்போனில் பழைய பஞ்சாங்கத்தைத் தேடி, தேதி கண்டுபிடித்து, தாளில் எழுதி வைத்த பத்துப் பெயர்களில் ஒவ்வொன்றாக அடித்தார். எட்டுப் பேர் போனார்கள். மிச்சம் அவரும் நானும்.

"நீங்களும் கேளுங்கண்ணே" என்றான் ஒருவன், விவரம் தெரியாமல்.

"யாரைக் கேக்குறது? அம்மா போயே பல வருஷம் ஆச்சு. இருந்தப்ப கேக்கத் தோணலை."

நான் மாடிப்படிப் பக்கம் போய்ப் போனில் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"தீபாவளிக்கு முந்தின நாள்டா. வெடிச் சத்தத்துக்கு மேல நீ கத்துனே" என்றார் அம்மா.

திரும்பி வந்தேன். பேனா என் பெயரின் மேல் தயாராக நின்றது.

"என்ன சொன்னாங்க?"

"ஜூன் ஒண்ணுதானாம்ண்ணே. எனக்கு மட்டும் ஹெட்மாஸ்டர் சரியாப் போட்டுட்டாராம்."

என்னையே பார்த்தார். "அதுக்கு சான்ஸ் ரொம்பக் கம்மி தம்பி" என்றவர், பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

நான் கல்யாணமாகிப் பூந்தமல்லிக்கு வந்துவிட்டேன். அவர் இன்னும் அதே விடுதியில்தான். ஒவ்வொரு ஜூன் ஒன்றுக்கும் இரண்டு பஸ் மாறிப் போய்விடுகிறேன். தீபாவளிக்கு முந்தின நாள் அம்மா போனில் வாழ்த்தும்போது, வேறு யாருக்கோ சொல்கிறார் என்றுதான் தோன்றுகிறது.