மாமனார் வீட்டு மாமரம்

பெண் பார்க்கப் போகிறவர்கள் தாமதமாகப் போகலாம். ஒன்றும் குடி முழுகிவிடாது, கேசரி ஆறிப்போகும், அவ்வளவுதான். ஆனால் சொன்ன நேரத்துக்கு முன்னால் மட்டும் போகவே கூடாது. போனால் என்ன ஆகும் என்பதற்குப் பம்பாயில் இன்னும் உயிரோடிருக்கும் உதாரணம் அடியேன்தான்.

அறுபதுகளின் நடுப்பகுதி. மாதுங்காவில் அப்பா அம்மாவோடு இருந்தேன். கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. பலமாகக் காற்றடித்தால் லாம்ப் போஸ்ட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு. (இப்போதுள்ள தொப்பையை வைத்து என்னை எடைபோடாதீர்கள்.) செம்பூரிலிருந்து ஒரு பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண்ணின் ஜாதகமும் போட்டோவும் வந்தன. பெயர் வத்சலா. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து ஆபீஸில் நான் டைப் அடித்த கடிதமெல்லாம் தப்பும் தவறுமாகத் திரும்பி வந்தது. இந்தப் பெண் இல்லாவிட்டால் சன்னியாசம்தான் என்று எனக்குள் சத்தியமே செய்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். நாலரைக்கு ராகுகாலம். டாக்ஸி கிடைக்காமல் அதில் போய் மாட்டிக்கொள்வோமோ என்று அம்மாவுக்குப் பயம். இரண்டரைக்கே எங்களைக் கிளப்பிவிட்டாள். டாக்ஸியோ தெருமுனையிலேயே நின்றுகொண்டிருந்தது. மூன்று மணிக்கெல்லாம் செம்பூர் வந்துவிட்டோம்.

சின்னத் தனி வீடு. முன்னால் செம்பருத்தி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஏதேதோ செடி, மரம், கொடி. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? நான் பார்த்தது இரண்டே பேரை. கோடாலியை ஓங்கிக்கொண்டு நிற்கும் ஒரு பெரியவர். அவர் எதிரில், பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போட்டோ வத்சலா.

"தின்னது கொஞ்சமா, குடிச்சது கொஞ்சமா? ஏழு வருஷமா வளர்த்தேனே, ஒண்ணுத்துக்காவது உதவினியா? இன்னிக்கு ஒரே வெட்டு! தீர்ந்துது!" என்று பெரியவர் கர்ஜித்தார்.

"வேண்டாம்ப்பா! இந்த ஒரு தடவை விட்டுடுங்கோ!" என்று அவள் அலறினாள்.

அப்பா சத்தமில்லாமல் டாக்ஸியை நோக்கிப் பின்வாங்கினார். அம்மாவுக்கு வேறு சந்தேகம். "பொண்ணுக்கு இருபத்தொண்ணுன்னாளே, இவர் ஏழு வருஷமா வளர்த்தேங்கறாரே! தத்தெடுத்த பொண்ணோ? அப்போ ஜாதகம் யாரோடது?"

டாக்ஸிக்காரர் மட்டும்தான் காரியமாக யோசித்தார். "போலீஸ் கோ புலாவூம் க்யா, சாப்?"

போலீஸ் வரும்வரை பொறுக்க என்னால் முடியவில்லை. வீரம் என்பது எங்கள் வம்சத்தில் யாருக்கும் வந்ததில்லை. அன்றைக்கு மொத்தமாக என்னிடம் வந்து சேர்ந்தது. "சோட் தோ உஸ்கோ!", அவளை விடு என்று ஹிந்தியில் கத்திக்கொண்டு வேலியைத் தாண்டிக் குதித்தேன். (பச்சைத் தமிழரிடம் எதற்கு ஹிந்தி என்று கேட்காதீர்கள். பம்பாய்த் தமிழனுக்குக் கோபம் வந்தால் ஹிந்திதான் வரும்.)

நான் தாண்டிவிட்டேன். என் புது டெரிலின் பேண்ட் தாண்டவில்லை. அதன் கால் வேலியில் மாட்டிக்கொள்ள, தலைகுப்புற விழப்போனவன் கைக்கு அகப்பட்டதைப் பிடித்தேன். சடசடவென்று ஒரு சத்தம். எழுந்து பார்த்தால் என் கையில் பாதி மாமரம் இருந்தது. இடுப்பு உயரத்தில் இரண்டாகக் கிளைத்திருந்த மரம், ஒரு கிளை அடியோடு பிளந்து பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது.

பெரியவர் கோடாலியை இறக்கவில்லை. அதுவரை நடிப்புக்காகப் பிடித்திருந்த கோடாலியை அப்போதுதான் அவர் நிஜமாகப் பிடித்தார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"ஆருங்காணும் நீர்?"

"நான்... நாலு மணிக்கு வரவேண்டிய மாப்பிள்ளை."

உள்ளே கூடத்தில் பஜ்ஜியைச் சுற்றி எல்லோரும் இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தோம். விஷயம் அப்போதுதான் விளங்கியது. ரத்னகிரியிலிருந்து ஸ்டீமரில் மடியில் வைத்து அவர் கொண்டுவந்த அசல் ஹாபூஸ், அதாவது அல்போன்சா, மாவின் ஒட்டுக்கன்று அது. ஏழு வருஷமாக ஒரு பூகூடப் பூக்கவில்லை.

"காய்க்காத மரத்தை ஒருத்தர் கோடாலியோட வந்து மிரட்டணும், இன்னொருத்தர் குறுக்கே விழுந்து கெஞ்சணும். மரம் பயந்துண்டு காய்க்கும். எங்க ஊர்ப்பக்கம் எல்லாரும் பண்றதாக்கும். நீங்கள்ளாம் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கேன்னு..." என்றவர், என்னை மேலும் கீழும் பார்த்தார். "மரம் எது, மனுஷா எதுன்னு தெரியலை. வேலி தாண்டத் தெரியலை. இது என்னத்துக்கு உதவும்?"

'இது' என்றது என்னை. அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். என் சன்னியாசம் உறுதியாகிவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மரத்தடியில் நான் அவளைச் சொல்லவிடாமல் தடுத்த மிச்ச வசனம்.

"விட்டுடுங்கோப்பா. அடுத்த வருஷம் காய்க்கும்."

முதலில் சிரித்தது என் அப்பாதான். பிறகு அம்மா, பெண்ணின் அம்மா. நான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. "கிளை துளிர்க்கட்டும். அப்பறம் பாக்கலாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் எனக்குச் செம்பூர்தான். பிளந்த கிளையைத் தூக்கி நிறுத்தி, செம்மண்ணும் சாணியும் குழைத்துப் பூசி, சாக்கு சுற்றிக் கயிற்றால் கட்ட வேண்டும். தபேலா என்கிற எருமைக் கொட்டகைக்குப் போய்ச் சாணி வாங்கி வருவதும் என் பொறுப்பு. (திரும்பும்போது லோக்கல் ரயிலில் எனக்கு உட்காரத் தாராளமாக இடம் கிடைத்தது.) பெரியவர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார். பக்கத்தைத் திருப்பாமலே படிப்பார்.

வத்சலா மரத்துக்கு வாளியில் தண்ணீரும் எனக்கு டம்ளரில் காபியும் கொண்டுவருவாள்.

"ரொம்ப இறுக்கிக் கட்டாதீங்கோ, மரமும் மூச்சு விடணும்" என்றாள் ஒரு நாள், மெதுவாக.

"உனக்கு மரத்தைப் பத்தித் தெரியுமோ?"

"உங்களைவிடத் தெரியும்."

அன்று முழுவதும் எனக்குச் சாணி நாற்றமே தெரியவில்லை.

மாசி மாதம் ஒரு காலை அந்தக் கிளையின் நுனியில் செம்புநிறத்தில் தளிர் எட்டிப் பார்த்தது. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் ஒன்றும் சொல்லாமல் என் அப்பாவுக்கு ஆள் அனுப்பினார், வைகாசியில் முகூர்த்தம் இருக்கிறதா பாருங்கள் என்று.

கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் மரம் நிஜமாகவே காய்த்தது. காக்கைக்கும் தெருப் பிள்ளைகளுக்கும் தப்பிய முதல் பழத்தை மாமனார் தட்டில் வைத்து நறுக்கினார். முதல் துண்டு மாப்பிள்ளைக்கு. வாயில் போட்டேன். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. பல் அத்தனையும் கூசி, காதுவரை ஏறியது புளிப்பு. (ஒட்டுக்குக் கீழே முளைக்கிறதை வெட்டாமல் விட்டால் ஒட்டு செத்து நாட்டு மரம்தான் மிஞ்சும் என்று ஆபீஸில் ஒரு ரத்னகிரிக்காரர் பின்னால் சொன்னார்.) ஆனால் வீடே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏழு வருஷக் காத்திருப்பு, ஸ்டீமர், கோடாலி எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன.

"தேன் மாதிரி இருக்கு மாமா" என்றேன்.

அவர் தன் துண்டைக்கூடத் தொடவில்லை. தட்டை அப்படியே என் பக்கம் தள்ளினார். "உங்களுக்குன்னே காய்ச்சிருக்கு. நீங்களே சாப்பிடுங்கோ."

அதன்பின் வருஷா வருஷம் மே மாதம் ஒரு கூடை மாம்பழம் அவர் தோளிலேயே மாதுங்காவுக்கு வந்தது. அவர் எதிரில் இருக்கும்வரை நான் சப்புக்கொட்டிச் சாப்பிடுவேன். அவர் படியிறங்கியதும் வத்சலா மிச்சத்தைப் பச்சடியாக்கிவிடுவாள், அதுவும் வெல்லம் வெல்லமாகக் கொட்டி. குழந்தைகள் பிறந்து பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் கூடை நிற்கவில்லை. ஒரு வருஷம் தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"மாமா, இத்தனை வருஷத்துல நீங்க ஒரு துண்டுகூடச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லையே?"

"நானா? அந்தப் புளிப்பை எவன் சாப்பிடுவான்?" என்றார் கிழவர், கண்ணில் விஷமத்தோடு. "கிளையை முறிச்சவாதான் சாப்பிடணும், மாப்பிள்ளை."

எங்கள் வீட்டில் இன்றைக்கும் அதுதான் சட்டம். தோசையைக் கருக்கியவர்களோ, பாலைத் திரியவிட்டவர்களோ, அவரவரே சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும், பேரன் பேத்திகளுக்கும் விலக்கு கிடையாது. நேற்று ரசத்தில் இரண்டு முறை உப்புப் போட்டது நான். வத்சலா பாத்திரத்தை அப்படியே என் பக்கம் நகர்த்தினாள்.