வாய்தா மாமாவும் ரப்பர் நிப்பிளும்

பூகம்பமே வந்து கதவைத் தட்டினாலும், "நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர். என் வயிற்றெரிச்சலே அதுதான். வேறு யாருக்காவது அவர் வீட்டுச் சொந்தக்காரராக இருந்திருந்தால் நானும் உங்களோடு உட்கார்ந்து சிரித்திருப்பேன்.

ராஜபாளையத்தில் எங்கள் தெருவே அவரை வாய்தா மாமா என்றுதான் சொல்லும். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஒரு வக்கீலுக்குக் குமாஸ்தா. காலையில் பஸ் ஏறிப்போய், கட்சிக்காரர்களுக்கு அடுத்த தேதி வாங்கிக் கொடுத்துவிட்டு, ஏதோ சாதித்த மனிதரைப் போலச் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்குவார். தள்ளிப்போடுவது அவருக்குப் பிழைப்பு. அதைக் கோர்ட்டோடு விட்டுவிட்டு வந்திருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்?

ஒருநாள் பாதி ஷேவிங்கில் பஸ் ஹாரன் கேட்டிருக்கிறது. வலது உள்ளங்கையைத் தோள் வரைக்கும் உயர்த்தி, தலையை லேசாக இடப்பக்கம் சாய்த்து, சலூன்காரரிடம் "நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்று முழுக்க ஜட்ஜ் இருக்கும் பக்கம் மழித்த கன்னத்தை மட்டும் காட்டி நின்றாராம். அந்தக் கையும் அந்தத் தலைச்சாய்ப்பும் ஊர்ப் பிரசித்தம். அவர் கல்யாணத்தையே இரண்டு முறை தள்ளிப் போட்டார் என்று அத்தை, அதாவது அவருடைய மனைவி, சொல்லுவார். "மூணாவது தேதிக்கு எங்கண்ணன் அருவாளோட வந்து நின்னாக. பொறவுதான் தாலி ஏறுச்சு."

நானோ நூல் மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. சங்கு ஊதிய பிறகு வருகிறவனை, அவன் எனக்குச் சொந்தக்காரனாகவே இருந்தாலும், கேட்டிலேயே நிறுத்துவது என் உத்தியோகம். கடிகாரத்தைத் தின்று வாழ்கிற என்னை மாடியிலும், காலண்டரைத் தின்று வாழ்கிற அவரைக் கீழேயும் குடிவைத்தது எந்தக் கடவுளின் குசும்பு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மாடிக்கு மேல் ஓடு. ஓட்டுக்கு மேல் ஓட்டை.

"மாமா, அடுப்படியில ஒழுகுது."

"எம்புட்டு ஒழுகுது?"

"ஒரு சட்டி."

"ஒரு கொடம் ஒழுகட்டும். அப்பத்தான் ஓம்ம பக்கம் கேசு பலமா நிக்கும்."

இப்படிப்பட்டவர் கையில் என் மகளின் வழக்கு போய்ச் சிக்கியது.

மகள் பெயர் கோதை. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, தளவாய்புரத்தில் இருக்கும் என் மைத்துனன் மதுரைக்குப் போனவன் சும்மா திரும்பியிருக்கலாம். ரோஸ் வளையம் வைத்த ரப்பர் நிப்பிள் ஒன்றை வாங்கி வந்தான். "வாயில வச்சா கம்முனு இருக்கும் அத்தான்," என்றான். அவன் சொன்னது அப்படியே பலித்தது. மூன்று வயது நெருங்கும்வரை என் மகள் கம்முனுதான் இருந்தாள். ஒரு வார்த்தை கிடையாது. தண்ணீர் வேண்டுமென்றால் பானையைக் காட்டி "ம்". மாடு போனால் மாட்டைக் காட்டி "ம்". நான் மில்லிலிருந்து வந்தால், மாட்டுக்குச் சொன்ன அதே "ம்".

குழாயடியில் பேச்சு கிளம்பிவிட்டது. "மாடிவீட்டுப் பிள்ளைக்கு வாய் வரலையாம்லா." அதை என் மனைவி சரசு காதில் வாங்கி வந்து என் காதில் போட்டாள். "சும்மா இரு, எங்க வம்சத்துல எல்லாரும் லேட்டாத்தான் பேசுவாங்க" என்றேன். எங்கள் வம்சத்தில் யாரும் எதற்கும் லேட் கிடையாது.

காது கேட்கிறதா என்று நானே சோதித்தேன். அவளுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டேன். கோதை திரும்பிப் பார்த்தாள். சரசுவும் திரும்பிப் பார்த்தாள். சரசு பார்த்த பார்வையில் எனக்குத்தான் பேச்சு போயிற்று.

டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "காது நல்லா இருக்கு. வாயை அடைச்சு வச்சுக்கிட்டு பேசலை பேசலைன்னா எப்படி? மொதல்ல அந்த ரப்பரை நிறுத்துங்க. அப்பவும் பேசலைன்னா மதுரைக்குக் காட்டுவோம்." அந்த "அப்பவும்" என்ற சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது பஸ்ஸில் கூடவே ஏறி வந்து மடியில் உட்கார்ந்தது.

அன்றைக்கே நிப்பிளில் வேப்பெண்ணெய் தடவினேன். கோதை ஒரு சூப்பு சூப்பி, யோசித்து, நிப்பிளை எடுத்து மறுபடி என்னிடம் நீட்டினாள். இன்னும் கொஞ்சம் தடவச் சொல்கிறாள். ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் கசக்கிற வேப்பெண்ணெய் என் பிள்ளைக்கு மட்டும் பால்கோவா. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

மறுநாள் வீரம் வந்தது. நிப்பிளைப் பிடுங்கிச் சுவர் தாண்டி வீசினேன். பக்கத்து வீட்டு நாய், நம்ம ஊர்ச் சாதி, வெள்ளை வெளேரென்று எருமைக்கன்று உயரம், ஓடி வந்து அதைக் கவ்விக்கொண்டது. கோதை வாயைத் திறந்தாள். எங்கள் மில் சங்கு ஊரெல்லாம் கேட்கும் என்று பெருமையாகச் சொல்வார்கள். அதெல்லாம் சும்மா. இவள் ஊதிய ஊதலில் இரண்டாம் ஷிப்டுக்காரர்கள் சாப்பாட்டுத் தூக்கோடு சைக்கிள் ஏறிவிட்டார்கள். நான் சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு பஜாருக்கு ஓடி, அதே ரோஸ் வளையத்தில் இன்னொன்று வாங்கி வந்து, நானே அவள் வாயில் வைத்தேன். எறிந்தவனும் நான், ஏந்தி வந்தவனும் நான். சுவருக்கு அந்தப் பக்கம் நாயும் சூப்பிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் என்னை ஒரே மாதிரி பார்த்தார்கள்.

அப்போதுதான் வாய்தா மாமா படியேறி வந்தார்.

"மருமகனே, எடுத்த எடுப்புல தீர்ப்பு எழுதுனா பிள்ள அப்பீலுக்குப் போகத்தான செய்யும்? கேச எங்கிட்ட விடும்."

"மாமா, அடுப்படி ஓடு இன்னும் மாத்தலை."

"அது வேற கோர்ட்டு."

மறுநாள் காலை, பஸ்ஸுக்குக் கிளம்புமுன் மாடிப்படிக்குக் கீழே நின்று, கோர்ட் டவாலி கூப்பிடுவது போல நீட்டி முழக்கினார்: "கோதை... கோதை... கோதை..." என் மகள் நிப்பிளோடு ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிப் போனாள். நான் கூப்பிட்டால் திரும்பக்கூட மாட்டாள். அவர் மரியாதையாகக் கையை நீட்ட, இவள் நிப்பிளை எடுத்து அவர் கையில் வைத்தாள். அது டம்ளருக்குள் போய் அலமாரிமேல் ஏறியது. செத்த நேரத்தில் அலமாரியைக் காட்டி "ம்" என்றாள். அவர் இல்லை என்று சொல்லவில்லை. கை உயர்ந்தது, தலை சாய்ந்தது. "நாளைக்குப் பாப்போம்." பிள்ளை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது. பிறகு உதடு பிதுங்கியது. உடனே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "நாளைக்குன்னு சொல்லிட்டு இப்பவே குடுக்குதீயளே, இது என்ன முறை?"

"இடைக்கால நிவாரணம்னு ஒண்ணு இருக்கு. எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி குதிக்காதீரும்."

தினமும் காலையில் ஒரு விசாரணை, சாயங்காலம் ஒரு விசாரணை. நான் நிமிஷக் கணக்குப் பார்க்கிறவன். பிள்ளை மூன்று வயதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மதுரை டாக்டர் என் கனவில் வந்து பேரைக் கேட்கிறார். இந்த மனிதர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று விசாரணையை ஒத்திவைக்கிறார். சரசுவிடம் முறையிட்டேன். "அவியகிட்ட இருந்தா பிள்ள அழ மாட்டேங்கா. ஒங்ககிட்டத்தான் அழுதா," என்று என் வாயையும் அடைத்தாள். எனக்கு ரப்பர்கூடத் தேவைப்படவில்லை.

உண்மையைச் சொன்னால், பகலில் நிப்பிள் கேட்பது குறைந்திருந்தது. தூங்கும்போதுதான் அது இல்லாமல் முடியவில்லை. "இறுதித் தீர்ப்புக்கு ஒரு சாட்சி வேணும்," என்றார் மாமா. சாட்சி யார் என்றால், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கையில் இருக்கும் கிளி. தினமும் புதிதாக இலைகளால் கட்டி, மாதுளம்பூவில் மூக்கு வைத்துச் சாத்துகிற கிளி. சாத்திக் களைந்த கிளி கேட்டு வைத்தவர்களுக்குக் கிடைக்கும். மாமாவும் கோயிலில் தெரிந்தவரிடம் கேட்டு வைத்தார். "அடுத்த வாரம் வாங்க," என்று இரண்டு மூன்று தடவை சொல்லி அனுப்பினார்கள். வாய்தா மாமாவுக்கே வாய்தா. அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோதையைத் தூக்கிக்கொண்டு நானும் மாமாவும் கோயிலுக்குப் போனோம். கிளி கைக்கு வந்தது. கோதை வாயில் நிப்பிளோடு அதையே பார்த்தாள். "கிளிக்கு வாயில ஒண்ணுமே இல்ல பாத்தியா? நீ குடுத்தீன்னா அது உங்கூட வீட்டுக்கு வரும்," என்றார் மாமா. நெடுநேர யோசனைக்குப் பிறகு அவள் நிப்பிளை எடுத்து மாதுளம்பூ மூக்கில் ஒட்டிப் பிடித்தாள். மாமா அதைக் கைக்குட்டையில் சுற்றித் தன் மஞ்சப்பைக்குள் விட்டதை நான் மட்டும் பார்த்தேன். பஸ்ஸில் கிளியைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த வாயைக் காலியாகப் பார்ப்பதே புதிதாக இருந்ததால் நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

நான் சந்தோஷப்பட்டால் அது யாருக்குப் பொறுக்கும்? இலையால் செய்த கிளி வாடாமல் என்ன செய்யும்? ஒன்றரை நாளில் சிறகு சுருண்டு, மூக்கு உதிர்ந்து, பார்ப்பதற்குக் கருவாடு போல ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை கோதை அதைத் தூக்கிப் பார்த்து, என்னைப் பார்த்து, காலி வாயைத் தொட்டுக் காட்டி "ம்" என்றாள். வாக்குக் கொடுத்த கிளி போய்விட்டது. பொருளைத் திருப்பிக் கொடு என்கிறாள். நியாயம்தானே? உதடு பிதுங்க ஆரம்பித்தது. மாமாவோ அலமாரியில் டம்ளரைக் காலியாக வைத்துவிட்டு மஞ்சப்பையோடு கோர்ட்டுக்குப் போய்விட்டார்.

பஜாருக்குப் போய் இன்னொன்று வாங்கியிருக்கலாம். பதறிய மண்டைக்கு அது உறைத்தால்தானே? மில்லுக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். என் கால்களில் இரண்டு வேறு வேறு செருப்பு இருந்ததை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்தான் சொன்னார்.

கோர்ட் வராந்தா நிறைய ஜனம். மாமா ஒரு கட்சிக்காரரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்த நிப்பிளக் குடுங்க."

"ஏலே, கோர்ட்டுக்குள்ள பிள்ளையத் தூக்கிட்டு வந்து என்ன கூத்து?"

"கிளி வாடிப்போச்சு. பிள்ள அழப்போறா. குடுங்க."

"வாடுனா வேற தேதி கேக்கணும். தீர்ப்பையா ரத்து பண்ணுவாக?"

கட்சிக்காரர் என் பக்கம் சாய்ந்து, "என்ன கேசு? சொத்து விவகாரமா?" என்றார். நான் மஞ்சப்பையைப் பிடுங்கினேன். தூக்குச்சட்டி, வெற்றிலைப் பொட்டலம், அடியில் கைக்குட்டை. பிரித்து எடுத்து, என் சட்டையில் துடைத்து, பெற்ற தகப்பன் நானே அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இந்தா தாயி. வச்சுக்கோ. அழாத."

அந்த நேரம் உள்ளேயிருந்து டவாலியின் குரல், யாரோ ஒரு மாடசாமியை மூன்று தடவை நீட்டிக் கூப்பிட்டது. கோதை தலையைத் தூக்கிக் கேட்டாள். நிப்பிளைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். பிறகு வலது உள்ளங்கையைத் தோள் வரைக்கும் உயர்த்தி, தலையை இடப்பக்கம் சாய்த்து, என்னிடம் சொன்னாள்:

"நாளைக்கு."

அட்சரம் பிசகவில்லை. வராந்தாவே சிரித்தது. நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். கட்சிக்காரர், "பாப்பா வக்கீலுக்குப் படிக்கும்," என்றார். மாமா மட்டும் சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தையே மறுபடி துடைத்தார். டவாலி கூப்பிட்ட மாடசாமி எங்கள் பக்கத்தில் நின்ற அதே கட்சிக்காரர்தான். மாமாவுக்கு அது காதிலேயே விழவில்லை. வக்கீல் ஆள் அனுப்பித்தான் அவர்களை உள்ளே வரவழைத்தார்.

திரும்பும் பஸ்ஸில் நான் கெஞ்சிக்கொண்டே வந்தேன். "அப்பா சொல்லு தாயி. அப்பா."

"நாளைக்கு," என்றாள்.

பத்து மாதம் சுமந்தவள் பெயரும் இல்லை, பஜாருக்கு ஓடினவன் பெயரும் இல்லை. ஓட்டையை அடைக்காத வீட்டுச் சொந்தக்காரரின் வாய்ச்சொல்தான் என் மகளின் முதல் வார்த்தை. இந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவள் இப்போது பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் மணியடித்த பிறகும் மேடையை விட்டு இறங்காமல் பேசுகிறாள். அவளை நிறுத்தச் சொல்லி மணியடிக்கும் வாத்தியாருக்கு என் அனுதாபங்கள்.

அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டினோம். சாமான்களை லாரியில் ஏற்றி முடித்தபோது, மாமா வாசலில் வந்து நின்றார். மழை வரும்போல் இருந்தது. ஓட்டைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கோதையைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். கை தோள் வரைக்கும் உயர்ந்தது. தலை சாய்ந்தது. ஆனால் வழக்கமாகச் சொல்வதை அவரால் சொல்ல முடியவில்லை.

லாரிக்காரர் திட்டத் திட்ட, பாயையும் தலையணையையும் ஒரு சட்டியையும் மட்டும் கீழே இறக்கினேன். சட்டியை அடுப்படியில் வழக்கமான இடத்தில் வைத்துவிட்டு, நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று சரசுவிடம் சொன்னேன்.