இறக்கத்தில் மிதித்தவர்

லிஃப்ட் மெக்கானிக் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு அவர் எழுந்திருக்கப் போவதில்லை. இந்த ஜென்மத்தில் இல்லை.

ஐந்து மணிக்கு எழுப்புவது அலாரமாக இருந்தால், ஒரு ஒயரைப் பிடுங்கிவிட்டு மூடி போட்டிருப்பார். எழுப்புவது மகள். இரண்டரை வயது. குட்டி என்று கூப்பிடுவார்கள். மற்ற ஆறு நாளும் எட்டு மணி வரை குப்புறக் கிடந்து தூங்குகிற குட்டி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து மணிக்குக் கட்டிலருகே வந்து நிற்கும். அப்பாவின் இமையை இரண்டு விரலால் திறந்து, உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும். இருந்தால் முடிந்தது கதை. எட்டு மணி வரைக்கும் அவர்தான் குதிரை.

ஒரு வாரம் அவர், ஒரு வாரம் மனைவி என்றுதான் ஏற்பாடு. ஆனால் எந்த வாரம் யாருடையது என்பதில் மட்டும் வாராவாரம் சண்டை. அதற்குத்தான் இந்தத் திட்டம்.

மனைவி மாடியில் இருந்தாள். அவளுக்குச் சலவைத் தொழில். மூன்று விடுதிகளின் படுக்கை விரிப்புகள் அவள் மாடிக் கொடியில்தான் காயும்.

"நாளைக்கு மூணு பேரும் சைக்கிள்ல போறோம்," என்றார்.

"எங்கே?"

"ஆத்துப் பாதையில. பழைய ஸ்டேஷன் வரைக்கும்."

ஊருக்கு இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஆறு. ஆற்றை ஒட்டி ஒரு காலத்தில் ரயில் ஓடியது. அது நின்றுபோனதும் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, தார் போட்டு, சைக்கிளுக்கென்றே விட்டுவிட்டார்கள். கார் கிடையாது, லாரி கிடையாது, பின்னால் வந்து ஹாரன் அடித்து உயிரை வாங்குகிற ஆசாமி கிடையாது. பதினெட்டு கிலோமீட்டர் மேலே போனால் பழைய ஸ்டேஷன். அங்கே சாப்பிட்டுவிட்டு அதே வழியில் திரும்ப வேண்டியதுதான்.

"குட்டி?" என்றாள் மனைவி, விரிப்பை மடித்துக்கொண்டே.

"வாடகை சைக்கிள் கடையில பின்னாடி மாட்டுற வண்டி இருக்கு. கூண்டு மாதிரி துணி போட்டு மூடியிருக்கும். போகும்போது ஒருத்தர் இழுக்கணும், வரும்போது ஒருத்தர். பாதியில முடியலைன்னு யார் அடுத்தவர்கிட்ட வண்டியை மாட்டி விடுறாங்களோ, அவங்களுக்கு ஒரு வருஷம் ஞாயித்துக்கிழமை அஞ்சு மணி. பேச்சு மாறக் கூடாது."

"யார் போகும்போது, யார் வரும்போது?"

"நீ காலையில இழு. காலையிலதான் உடம்பு தெம்பா இருக்கும். வெயில் ஏறினப்புறம் கஷ்டப்படுறதை நான் பார்த்துக்கறேன்."

சொல்லும்போதே தன் தியாகத்தை நினைத்து அவருக்கே கண் கலங்கியது. போகும்போது ஏற்றம், வரும்போது இறக்கம். பத்து வருஷமாக லிஃப்டை ஏற்றி இறக்குகிறவருக்கு இதுகூடவா தெரியாது? அவள் உயிரைக் கொடுத்து ஏற்றுவாள். அவர் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, சீட்டி அடித்தபடி உருண்டு வருவார்.

மனைவி கொடியில் ஆடிய கடைசி விரிப்பைப் பார்த்தாள். அது ஆறு இறங்கி வருகிற மலைப்பக்கமாகப் புடைத்துக்கொண்டு படபடவென்று அடித்தது.

"பாருங்க, பன்னெண்டு மணிக்கு மேல ஒரு விரிப்புக்கு ரெண்டு கிளிப் பத்தவே மாட்டேங்குது. நாலு போட வேண்டியிருக்கு."

"நான் என்ன பேசறேன், நீ என்ன பேசறே?"

"சரிங்க. காலையில நான் இழுக்கறேன்."

இவ்வளவு சீக்கிரம் சரி சொல்கிறாளே என்று அவருக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது.

மறுநாள் ஐந்து மணிக்கு இமை திறந்தது. மனைவியே எழுந்துகொண்டாள்.

"நீங்க தூங்குங்க. கடைசித் தடவை," என்றாள்.

அவரும் அதையேதான் நினைத்தார்.

ஏழு மணிக்குச் சைக்கிள் கடை. கடைக்கார அக்கா வண்டியை மனைவியின் சைக்கிளில் மாட்டிவிட்டு, "அஞ்சு மணிக்குக் கடையை மூடிடுவேன். அதுக்குள்ள வந்துடுங்க," என்றாள். பிறகு அவரைப் பார்த்து, "வரும்போது யார் இழுக்கறது?" என்று கேட்டாள்.

"நான்தான்," என்றார் நெஞ்சை நிமிர்த்தி.

அக்கா ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

பாதை என்றால் அதுதான் பாதை. இடது பக்கம் ஆறு கூடவே பேசிக்கொண்டு வந்தது. இரண்டு பக்கமும் மலை நீலமாக நின்றது. மனைவி பாட்டுப் பாடிக்கொண்டு மிதித்தாள். வண்டிக்குள்ளிருந்து குட்டி தாளம் போட்டது. லிஃப்ட் மெக்கானிக் முன்னால் போய்ப் போய் நின்று, அவள் நாக்குத் தள்ளிப்போய் வருகிறாளா என்று பார்த்தார். ஒவ்வொரு தடவையும் நாக்கு அதன் இடத்திலேயே இருந்தது.

"முடியலைன்னா கூச்சப்படாம சொல்லு."

"நல்லாத்தாங்க இருக்கு. ரயில் ஏறின பாதை. ரயிலுக்குச் செங்குத்தா இருந்தா ஆகாதே, அதனால மேடே தெரியலை."

அவருக்கு லேசாக ஒரு சந்தேகம் தட்டியது. மேடு தெரியாவிட்டால் பள்ளம் மட்டும் எப்படித் தெரியும்? அந்த நினைப்பை அப்படியே நசுக்கிவிட்டு மிதித்தார்.

பத்தரைக்கே ஸ்டேஷன். ரொட்டியும் முட்டையும் தின்றார்கள். உடனே கிளம்பலாம் என்றார் அவர்.

"இப்பத்தாங்க குட்டி கண்ணை மூடுது. நீங்களும் கொஞ்சம் படுங்க. பாவம், இனிமே நீங்கதானே இழுக்கணும்."

மர நிழல், வயிறு நிறைய ரொட்டி, பாவம் என்று சொல்ல ஒரு மனைவி. எந்த ஆம்பளைதான் தூங்க மாட்டான்? கண் விழித்தபோது மணி ஒன்றரை. மரத்தின் கிளையெல்லாம் மலை உச்சியைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

வண்டியை மாட்டிக்கொண்டு, பெடலிலிருந்து காலை எடுத்து நீட்டி, உருளுவதற்குத் தயாரானார்.

சைக்கிள் உருளவில்லை. கொஞ்சம் யோசித்தது. பிறகு பின்னால் போனது.

ஊர்ப் பக்கமிருந்து காற்று வந்தது. வந்தது என்று சொன்னால் போதாது. பள்ளத்தாக்கை ஒரு குழாய் மாதிரி பிடித்து, எவனோ கீழே இருந்து ஊதினான். பின்னாலிருந்த துணிக்கூண்டு உப்பிக்கொண்டு பாராசூட்டாகிவிட்டது. அவர் மிதித்தார். எழுந்து நின்று மிதித்தார். ஒரு வண்ணத்துப்பூச்சி அவருக்கு எதிரே பறந்துவந்து, சாவகாசமாக அவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மேலே போயிற்று.

"இறக்கத்துல எதுக்குங்க இப்படி மிதிக்கறீங்க? மெதுவாப் போங்க, பயமா இருக்கு," என்று குரல் வந்தது.

திரும்பிப் பார்த்தார். மனைவி கூண்டுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தாள். முடிகூடக் கலையவில்லை. காற்று முழுவதையும் அவரும் கூண்டும் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தக் காத்து எங்கேருந்து வந்துச்சு?"

"தினமும் வர்றதுதாங்க. காலையில அசையாது. பன்னெண்டுக்கு மேல மலையைப் பார்த்து அடிக்கும். மாடியில விரிப்பு காயப்போடறவளுக்குத் தெரியும். நீங்க பாவம், நாள் பூரா லிஃப்ட் குழிக்குள்ளே இருக்கறவர். அங்கே ஏது காத்து?"

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நாலு கிளிப் போடணும்னு சொன்னேனே."

ஐந்தாவது கிலோமீட்டரில் தண்ணீர் பாட்டில் காலி. ஏழாவதில் தொடை இரண்டும் அவருடையதாகவே தெரியவில்லை. வண்டிக்குள்ளிருந்து குட்டி தலையை நீட்டி, "அப்பா, வேகமா," என்றது. ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் வரிசையாகக் கண் முன்னால் வந்து நின்றன. அதற்காகவே இன்னும் ஒரு கிலோமீட்டர் மிதித்தார். எட்டாவது கல் தாண்டியதும், ஒரு பாலத்தின் மேல், சைக்கிளைச் சாய்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார்.

"மாட்டிக்கோ," என்றார். 

மனைவி வண்டியைத் தன் சைக்கிளில் மாட்டினாள். கூண்டின் முன் துணியையும் பின் துணியையும் சுருட்டி, பையிலிருந்து நான்கு கிளிப்பை எடுத்துக் குத்தினாள். காற்று முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் போனது. பாராசூட் மறுபடி வெறும் வண்டியாகிவிட்டது. ஹேண்டில் மேல் குனிந்துகொண்டு, மெல்ல மெல்ல மிதித்துக் கிளம்பினாள்.

"இப்ப நீங்க என் பின்னாடி ஒட்டி வாங்க. காத்துப் படாது."

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கடைக்குள் நுழைந்தார்கள். அக்கா வண்டி யார் சைக்கிளில் இருக்கிறது என்று பார்த்தாள். மனைவி அக்காவைப் பார்த்தாள். இருவரும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

அடுத்த ஞாயிறு ஐந்து மணிக்கு இமை திறந்தது. அப்பா உள்ளே இருந்தார். தொடை இன்னும் வலித்தது. குட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலைத் திறந்தார். வெளியே ஒரு இலை அசையவில்லை.

போர்வைக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "பாருங்க, துளிக் காத்து இல்லை. சைக்கிள் ஓட்ட அருமையான நேரம். குட்டியையும் கூட்டிட்டுப் போங்க."