வாழையிலைக் குளியல்

எனக்கு ஓய்வெடுக்கத் தெரியாது. நீச்சல் தெரியாது, சைக்கிள் ஓட்டத் தெரியாது என்று சொல்ல எவ்வளவு கூச்சமோ, அதைவிட அதிகக் கூச்சத்தோடுதான் இதைச் சொல்கிறேன். நீச்சல் தெரியாதவர்கள் குளத்துப் பக்கம் போகாமல் தப்பிக்கலாம். ஓய்வெடுக்கத் தெரியாதவளை ஊரே சேர்ந்து ஓய்வெடுக்கச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் நான் தரம் பார்க்கும் சூப்பர்வைசர். கீறல் விழுந்த மூடியைக் கழிக்க வேண்டும், நல்ல மூடியை அனுப்ப வேண்டும். பதினோரு வருடமாக இதே வேலை. கணவர் மஸ்கட்டில். பிள்ளைகள் இல்லை. தங்கை சுமதி திருநின்றவூரில். வெள்ளிக்கிழமைகளில் கணவரோடு வீடியோ காலில் பேசுவேன். (பேச்சு என்பது "கேக்குதா?", "கேக்குது, உனக்கு?" என்பதுதான்.)

போன வருடம் ஒரு காலை, லைனில் வேலை பார்க்கும் கோமதி ஒரு மூடியைக் கொண்டுவந்து, "மேடம், இது ஓகேவா, ரிஜெக்டா?" என்று கேட்டாள். மூடியைப் பார்த்தேன். மூடியும் என்னைப் பார்த்தது. பின்னால் டிரே மேல் டிரேயாகச் சேர்ந்துகொண்டே போனது. கோமதி மெதுவாக, "மேடம், அழுறீங்களா?" என்றபோதுதான் எனக்கே தெரிந்தது.

சுகர், தைராய்டு, ரத்தம் எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரி. டாக்டரம்மா ரிப்போர்ட்டை மூடிவைத்துவிட்டு, "கடைசியா எப்ப ஒரு நாள் சும்மா இருந்தீங்க?" என்றார். நான் விரல் விட்டு எண்ணத் தொடங்கியதைப் பார்த்து அவரே நிறுத்தினார்.

"வேலைக் களைப்பு முத்திப்போச்சும்மா. லீவு போடுங்க. தூங்குங்க. யாரோடயாவது மனசு விட்டுப் பேசுங்க. யோகா, மூச்சுப் பயிற்சி மாதிரி ஏதாவது பிடிச்சா கூடச் சேத்துக்குங்க."

இதில் லீவு, தூக்கம், பேச்சு மூன்றையும் கழித்துவிட்டு, 'கூடச் சேத்துக்குங்க' என்றதை மட்டும் பாஸ் பண்ணி வீட்டுக்கு எடுத்துப்போனேன். ஒரு அட்டவணை போட்டேன். காலை ஐந்துக்கு மூச்சுப் பயிற்சி. ஐந்தரைக்குத் துளசிக் கஷாயம். அக்குபிரஷர் என்று காது மடலில் கடுகு வைத்துப் பிளாஸ்திரி. பாதத்துக்கு மர உருளை. படுக்கும் முன் உள்ளங்காலில் நல்லெண்ணெய். செய்ததற்கு டிக், செய்யாததற்குச் சிவப்பு வட்டம். போனில் ஒரு தியான ஆப். அதில் ஒரு பெண் குரல், "உங்கள் தோள்களைத் தளர்த்துங்கள்" என்று சொல்லும். என் தோளைப் பற்றி யாரும் விசாரித்துப் பல நாளாயிருந்ததால் நானும், "சரிங்க" என்று பதில் சொல்வேன்.

ஒரே மாதத்தில், களைப்பைப் போக்கும் வேலையில் முன்னைவிடக் களைத்துப்போனேன்.

கடைசி முயற்சியாக, எளாவூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் சனி, ஞாயிறு இரண்டு நாள் நடந்த இயற்கை வைத்திய முகாமில் சேர்ந்தேன். களைப்புக்காக லீவு கேட்க வெட்கம். எங்கள் மேனேஜர் பாஸ்கர் சாரிடம், "தங்கச்சி வீட்டு கிரகப்பிரவேசம் சார்" என்று சொல்லிவிட்டேன். அவரும், "போய்ட்டு வாம்மா. நானும் நாளைக்கு இருக்க மாட்டேன். கஸ்டமரைப் பார்க்க ஸ்ரீபெரும்புதூர் போறேன்" என்றார்.

முகாமில் பெண்கள் பக்கத்தைக் கவனித்துக்கொண்டவர் சரோஜாம்மா. எங்கள் நான்கு பேருக்கும் தொளதொள அங்கி மாட்டி, வெயிலில் பாயில் படுக்கவைத்து, தலையில் ஈரத்துணி போட்டு, கழுத்திலிருந்து கணுக்கால் வரை வாழையிலையைச் சுற்றி நாரால் கட்டினார். முகத்திலும் ஒரு இலை; மூக்கும் வாயும் மட்டும் வெளியே.

"அர மணி நேரம்தாம்மா. நல்லா வேர்த்துக் கொட்டும். நான் இங்கதான் இருப்பேன்."

இலை வாசனை. தூரத்தில் ஹைவேயில் லாரிகள். கையைக் காலை அசைக்க முடியாததால் எந்த அட்டவணையையும் நிரப்ப முடியாது. மூன்று மாதமாக வராத தூக்கம் அப்படியே அமுக்கியது.

விழித்துத் தலையை உதறி முகத்து இலையைத் தள்ளிப் பார்த்தால், மற்ற மூன்று பாய்களும் காலி. நடந்தது பின்னால்தான் தெரிந்தது. சரோஜாம்மாவை யாரோ சமையல்கட்டுக்குக் கூப்பிட, அவர் இன்னொரு பெண்ணை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பெண் மூன்று பேரை அவிழ்த்து, அந்த இலைகளையெல்லாம் என் மேலேயே குவித்துவிட்டுப் போயிருக்கிறாள். குப்பை என்று நினைத்துவிட்டாள். (பதினோரு வருடம் ரிஜெக்ட் பார்த்தவளுக்கு இது தேவைதான்.)

"சரோஜாம்மா" என்றேன். தொண்டை வறண்டு காற்றுதான் வந்தது. அப்போது ஒரு கணக்கு போட்டேன். நான் இங்கேயே கிடந்தால் யார் தேடுவார்கள்? கணவர் வெள்ளிக்கிழமை. தங்கையிடம் நான் சொல்லவே இல்லை. திங்கட்கிழமை காலை கம்பெனியில் தேடுவார்கள், அதுவும் ரிப்போர்ட்டுக்காக.

உருண்டேன். ஒரு தென்னைமரத்தில் முட்டி, அதில் முதுகைத் தேய்த்துத் தேய்த்து எழுந்து நின்றேன். பிறகு சாக்கு ஓட்டம் போலக் குதித்துக் குதித்துச் சாப்பாட்டுக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே மௌனச் சாப்பாடு. யாரும் பேசக்கூடாது என்பது முகாமின் விதி. நாற்பது பேர் சாமைக் கஞ்சியை வாயில் வைத்தபடி, வாசலில் நிற்கும் பச்சைப் பொட்டலத்தைப் பார்த்தார்கள். ஒருவரும் மூச்சு விடவில்லை. அவ்வளவு ஒழுக்கம்.

மூன்றாவது வரிசையில், மண்குளியல் முடித்துக் காதோரம் களிமண் ஒட்டியிருந்த ஒருவர் மட்டும் எழுந்தார்.

"கிரகப்பிரவேசம்னு சொன்னியேம்மா?" என்றார் பாஸ்கர் சார்.

"நீங்க ஸ்ரீபெரும்புதூர்னு சொன்னீங்களே சார்?" என்றது பொட்டலம்.

யாரோ களுக்கென்று சிரிக்க, கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். பாதியில் அது அழுகையாகிவிட்டது. கண்ணைத் துடைக்கக் கை இல்லை, இரண்டும் இலைக்குள் இருந்தன. ஓடிவந்த சரோஜாம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "பாவி, எண்ணிப் பாக்காம போய்ட்டேனே" என்று சொல்லிக்கொண்டே நாரை அறுத்தார்.

நான் தண்ணீர் குடித்து முடித்ததும் பாஸ்கர் சார் எதிரே வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"ஆறு மாசமா எனக்குத் தூக்கம் இல்லம்மா. ஊட்ல கூடச் சொல்லல" என்றார்.

போனை எடுத்துப் பார்த்தேன். ஒரு மிஸ்டு கால்கூட இல்லை. நானே சுமதியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இலை கட்டியது வரை கேட்டுச் சிரித்தாள், குதித்து வந்ததற்கு மூச்சுத் திணறச் சிரித்தாள், பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள்.

"ஏங்க்கா என்னாண்ட சொல்லல?" என்றாள். "நீ தனியா அழுதுகினு இருந்திருக்க. நான் இன்னா செத்தா போய்ட்டேன்?"

இலைக்குளியலால் குணமானேன் என்று சொல்ல மாட்டேன். வேலைக் களைப்பு என்று உண்மையான காரணம் எழுதி மூன்று வாரம் லீவு கேட்டேன். பாஸ்கர் சார் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். சுமதி வீட்டில் படுத்துத் தூங்கினேன். டாக்டரம்மாவிடம் மறுபடி போய், இந்தமுறை முழுதாகப் பேசினேன். அட்டவணையைக் கிழித்தாயிற்று. மூச்சுப் பயிற்சி மட்டும், பிடித்திருப்பதால், தொடர்கிறது. சில நாள் இன்னும் எந்த மூடியைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றாது. அன்றைக்குக் கோமதியைப் பார்க்கச் சொல்லிவிட்டு வெளியே போய்க் கொஞ்சம் நிற்பேன்.

எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் என் எதிரே இலை விழுந்த உடனே யாராவது இந்தக் கதையை ஆரம்பித்துவிடுகிறார்கள். சுமதி மட்டும் தினமும் போன் செய்கிறாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்பதில்லை.

"அக்கா, கட்டு அவுத்தாச்சா?"

"அவுத்தாச்சுடி" என்பேன் பெரும்பாலும்.

எப்போதாவது, "இன்னும் இல்ல" என்று சொல்வேன். அன்றைக்கு இரண்டு ரயில் மாறி வந்து சேர்ந்துவிடுவாள்.