பொங்கியண்ணனின் கிங்ஸ் இண்டியன்

ஸ்கூட்டர் சாவியை மனைவி கையில் கொடுப்பதில்லை என்பதில் பொங்கியண்ணன் அசைக்க முடியாத உறுதியோடு இருந்தார். மலைமேல் பெரக்கரை நாட்டில் அவருக்கு மிளகுக் கொடிகள் இருந்தன, குச்சிக்கிழங்குக் காடு இருந்தது, சொன்ன பேச்சு கேட்கிற மாடுகள் இருந்தன. கேட்காத மனைவியும் இருந்தாள்.

பழனாயிக்கு ஒரே ஆசைதான். பேளுக்குறிச்சிச் சந்தைக்குத் தானே வண்டியில் போய் நிதானமாகச் சாமான் வாங்கி வரவேண்டும். இவரோடு போனால் முதல் கடையிலேயே "போலாமா, போலாமா" என்று பிடுங்கிவிடுகிறார். பிறந்த ஊர் முள்ளுக்குறிச்சியில் அண்ணன் வண்டியை ஓட்டிப் பழகியவள் அவள். லைசென்ஸும் வைத்திருந்தாள்.

"கொண்டை ஊசி வளைவுல உழுந்து வெச்சீன்னா?"

"ஏனுங்க, நீங்க ஓட்டறப்ப பின்னாடி உக்காந்துட்டு உழுந்தேனே, அது பரவால்லீங்களா?"

பதில் இல்லாதபோது பந்தயம் வைப்பது பொங்கியண்ணன் வழக்கம்.

"செஸ் ஆடுவோம். வர்ற சந்தையன்னிக்குக் காலையில. நான் ஜெயிச்சா சாவிப் பேச்சே எடுக்கக் கூடாது. நீ ஜெயிச்சா சாவி உனக்கு."

காலேஜில் படிக்கும் மகள் தாரணி லீவுக்கு வந்தபோது இருவருக்கும் கற்றுக்கொடுத்த ஆட்டம் அது. பழனாயி வெங்காயம் உரித்துக்கொண்டே ஆடுவாள். பாதி நாள் ஜெயித்தும் விடுவாள். அது வெறும் அதிர்ஷ்டம் என்பது பொங்கியண்ணன் கட்சி. அதிர்ஷ்டத்தை அடிக்க அறிவு வேண்டும். அறிவு செல்போனில் இருந்தது.

அதில் ஒரு வாத்தியார் கிங்ஸ் இண்டியன் என்ற தொடக்க ஆட்டமுறையை விளக்கினார். கறுப்புக் காய் வைத்திருப்பவருக்கானது. "நடுக் கட்டங்களை எதிரிக்கே விட்டுவிடுங்கள். அங்கே அவர் சிப்பாய்களைக் கொண்டுவந்து நிறுத்தட்டும். பிறகு அந்த நடுவையே உடைத்து நொறுக்குங்கள். இதுதான் இதன் அடிப்படைக் கருத்து!"

பொங்கியண்ணன் திரும்பத் திரும்பக் கேட்டார். நகர்த்தல்கள் மனப்பாடம் ஆகிவிட்டன. கருத்து மட்டும் பிடி கொடுக்கவில்லை. பக்கத்துக் காட்டுச் செங்கோடனைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஏம்ப்பா, நடுவுல எடங் குடுத்துட்டு அப்பறம் அடிச்சுத் தொரத்தறதுக்கு, குடுக்காமயே இருந்துக்கலாமில்ல?" என்றார் செங்கோடன்.

"அப்படியில்ல. குடுக்கற மாதிரி குடுத்து..."

"குடுக்கறயா, இல்லையா?"

"குடுத்துட்டுக் குடுக்கல."

"வெளங்கிருச்சு. இதுக்குப் பேரென்ன சொன்னே?"

"கிங்ஸ் இண்டியன்."

"அப்ப ராஜா நம்ம நாட்டாளு. ராணி எந்த ஊரு?"

"முள்ளுக்குறிச்சிங்கண்ணா!" என்று சமையற்கட்டிலிருந்து பதில் வந்தது.

பொங்கியண்ணன் செல்போனின் சத்தத்தைக் குறைத்தார்.

சந்தை நாள் விடிந்தது. பலகை விரித்தார்கள். "வெள்ளைய நீயே வெச்சுக்க" என்றார் பெரிய மனதோடு. பழனாயி ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள். அவர் குதிரையை இறக்கினார். அவள் அந்த ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினாள். அவர் மந்திரிக்கு வழி திறந்தார். அவள் மறுபடியும் ஓரத்தையே நோண்டினாள். அவர் மந்திரியை நகர்த்தி, அடுத்து ராஜாவைக் கோட்டைக்குள் சேர்த்துவிட்டு நிமிர்ந்தார். நடுவில் ஒரு காய் இல்லை. கதிரடித்த களம் மாதிரி வெறிச்சென்று கிடந்தது.

"நடுவுல வையி, புள்ள."

"எதுக்குங்க?"

"வெச்சாத்தான நான் ஒடைக்க முடியும்!"

"நீங்க ஒடைக்கறதுக்கு நான் எதுக்குங்க வெக்கோணும்?"

"அதுதான் இதோட கருத்து. உனக்குப் புரியாது."

"உங்களுக்குப் புரிஞ்சுதுங்களா?"

அவர் செல்போனை எடுத்து ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"செரி, வேற மாதிரி ஆடுங்களேன்."

"வேற மாதிரி படிக்கலையே!" சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது.

பழனாயிக்கு மனம் இளகியது. "உங்களுக்காக வேணா வெக்கறேன். மாட்டுக்கு நீங்க தண்ணி காட்டீருங்க."

"காட்டறேன்." ஒரு சிப்பாய் நடுவுக்கு வந்தது.

"பக்கத்துலயும் ஒண்ணு வேணும்."

"மத்தியானச் சோறு நீங்க ஆக்குங்க."

"ஆக்கறேன்." இன்னொன்றும் வந்தது. பொங்கியண்ணனுக்குக் கை பரபரத்தது. "வாத்தியார் படத்துல மூணு இருந்துச்சு, புள்ள."

பழனாயி கன்னத்தில் கை வைத்து யோசித்தாள். "செரி, ஆட்டம் முடியற வரைக்கும் சாவி எங்கிட்ட இருக்கட்டுமுங்க."

பொங்கியண்ணன் கணக்குப் போட்டார். நடுவை உடைத்துவிட்டால் சீக்கிரமே ஆட்டம் முடிந்துவிடும். அதுவரை சாவி தன் இடுப்பில் இருந்தால் என்ன, அவள் இடுப்பில் இருந்தால் என்ன? எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது சிப்பாயும் வந்து நின்றது. பலகை அச்சு அசலாக வாத்தியார் காட்டின படமாகிவிட்டது! பொங்கியண்ணன் தன் சிப்பாயை எடுத்து நடுவில் மோதவிட்டார்.

"ஒடைச்சேன் பாரு!"

பழனாயி பார்த்தாள். தலையை ஆட்டினாள். எழுந்து ஆணியில் தொங்கிய சந்தைப் பைகளை எடுத்துக்கொண்டாள்.

"ஏ புள்ள, எங்க போற? உன்ற ஆட்டம்!"

"ஆமாங்க. யோசிக்கோணும்."

"உக்காந்து யோசி!"

"போயிட்டே யோசிக்கறேனுங்க."

வாசலில் ஸ்கூட்டர் கிளம்பியது. பொங்கியண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். சோறு ஆக்கினார். பொழுது சாய, பழனாயி ஒரு கீறல் இல்லாமல் வந்து இறங்கினாள்.

"ஆடு."

"இன்னும் புடிபடலீங்க."

மழை வந்தது, போனது. மிளகு பறித்துக் காயவைத்தாயிற்று. பலகை காய் கலையாமல் பரண்மேல் இருந்தது. செங்கோடன் எட்டிப் பார்த்து, "உன்ற நெலம நல்லாத்தாம்ப்பா இருக்குது" என்றார். "ஜெயிக்கற நெலம" என்றார் பொங்கியண்ணன், உலையில் அரிசியைப் போட்டபடி.

இன்னொரு சந்தை நாளில் அவள் கிளம்பும்போது அவரால் பொறுக்க முடியவில்லை. வண்டிக்குக் குறுக்கே போய் நின்றார். "இன்னிக்கு முடிச்சே ஆவோணும்! தோத்தாத் தோத்தேன்னு ஒரு காயத் தள்ளு!"

பழனாயி ஹெல்மெட் பட்டியை மாட்டிக்கொண்டாள்.

"நல்ல ஆட்டமுங்க. முடிக்கறதுக்கு மனசே வரலீங்க."