தலைக்கு ஐம்பது ரூபாய்

ஆலைக்கு ஆள் எடுக்கும் முன்பே அந்த ஆளுக்கு வீட்டைக் கட்டி வைத்த ஸ்தாபனம் பூவுலகில் ஒன்றுதான் உண்டு. அது திருச்செங்கோட்டுக்குத் தெற்கே இருக்கும் எங்கள் மேட்டுப்புதூர் பஞ்சாயத்து போர்டு. 1962-ல் அதன் ஹெட் கிளார்க்காக இருந்து, அந்த மகத்தான திட்டத்தைக் கைப்பட எழுதும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

அந்த வருஷம் செங்கோட்டையன் என்ற விவசாயி ஜவ்வரிசி ஆலை கட்ட லைசென்ஸ் கேட்டு மனுப் போட்டார். குச்சிக்கிழங்குக்குத் தோல் உரிக்க எண்பது பெண்கள் வேண்டும் என்று எழுதியிருந்தார். சேதி கேட்ட அன்றே அவரிடம் ஓடிப்போய் முதல் பெயராகத் தன் பெயரைக் கொடுத்தவள் தெரசம்மாள். புருஷனை இழந்தவள். மூன்று பெண்பிள்ளைகளோடு புறம்போக்கில் ஓலைக் குடிசை போட்டு இருந்தாள்.

எண்பது பேரும் எங்கே குடியிருப்பார்கள்? பிரசிடெண்டு தண்டாயுதபாணிக்குச் சோறு இறங்கவில்லை. போர்டு கூடியது. ‘தொழிலாளர் குடியிருப்பு நல நிதி’ பிறந்தது. ஆலை வைப்பவர் தலைக்கு ஐம்பது ரூபாய் முன்கூட்டியே கட்டிவிட வேண்டும்.

செங்கோட்டையன் ஆபீசுக்கு வந்தார்.

“ஏனுங்க, நாலாயிரமுங்களா? அதுல நான் பாதிச் சுவத்தை எழுப்பிருவனுங்க!”

“எல்லாம் உங்கள் தொழிலாளிகளின் நலனுக்காக” என்றேன்.

“அப்ப நாப்பது பேரு போதுமுங்க.”

ஆள் பாதியானால் வீட்டின் விலையும் பாதியாகுமா? போர்டு மறுபடி கூடித் தலைக்கு நூறாக்கியது. அவர் ஆட்களை இருபதாக்கினார். நாங்கள் இருநூறாக்கினோம். ஒரு தொழிலாளியின் மதிப்பு ஆறே வாரத்தில் நாலு மடங்கு ஏறியதை நினைத்துப் பிரசிடெண்டு கண் கலங்கினார்.

கடைசியில் செங்கோட்டையன் பம்பாயிலிருந்து தோல் உரிக்கும் எந்திரத்தையே தருவித்துவிட்டார். “அது ஊடு கேக்காதுங்களே” என்றார். மனுவில் மிஞ்சியது யாகப்பன் என்ற வாட்ச்மேன் ஒருவன்தான். அந்த ஒரே தலைக்கு நாலாயிரம் என்று தீர்மானித்தோம். எந்திரம் லாரியில் வந்து இறங்கிவிட்டபடியால் மனிதர் முனகிக்கொண்டே கட்டினார்.

காலனிக்குத் தோதான இடம் தெரசம்மாளின் குடிசை இருந்த புறம்போக்குதான். காலி செய்யச் சொல்லி நானே நோட்டீஸ் கொண்டுபோனேன். அவளோ சிரித்தாள்.

“எங்களுக்கு ஊடு கட்டத்தானுங்களே? கூரையை நானே பிரிச்சுத் தாரேன்.”

பிரித்தும் கொடுத்தாள். எந்திரம் வந்த விஷயத்தை அவளிடம் சொல்வது என் இலாகா அல்ல.

பிள்ளைகளோடு அவள் ஒரு மாட்டுக்கொட்டகைக்குக் குடிபோனாள். ஆலையும் காலனியும் வருகிற ஊர் என்பதால் கொட்டகைக்கும் வாடகை ஏறியிருந்தது. அதையும் வளர்ச்சிக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

நாலு ஓட்டு வீடுகள் எழுந்தன. திறப்பு விழாவில் மேளம் முழங்க, பிரசிடெண்டு முதல் சாவியை யாகப்பனிடம் நீட்டினார்.

“வேண்டாமுங்க” என்று அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். “நான் மில்லு கேட்டுலயே படுக்கோணும். ஊட்டுக்குப் போனா வேலை போயிருமுங்க.”

கூட்டம் அவசரப்பட்டுக் கைதட்டிவிட்டது. தெரசம்மாள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“பிரசிடெண்டய்யா, அந்த ஊட்டை எனக்குக் குடுங்க.”

“ஆலையில வேலை பாக்கறவங்களுக்குத்தாம்மா ஊடு.”

“அப்ப வேலை வாங்கிக் குடுங்க.”

“உன்னை வேலைக்கு எடுத்தா அவரு இன்னும் நிதி கட்டோணுமே!”

“அந்த நிதி எதுக்குங்க சாமி?”

“உனக்கு ஊடு கட்டத்தான்.”

தெரசம்மாள் நாலு வீடுகளையும் ஒருமுறை பார்த்தாள். “அதான் கட்டியாச்சுங்களே” என்றாள்.

இதற்கு விதிகளில் பதில் இல்லை. ஆனால் போர்டுக்கு இரக்கம் உண்டு. காலி வீடுகளில் வீடில்லாதவர்கள் யாராவது புகுந்துவிடும் ‘அபாயம்’ இருப்பதால், காலனிக்கு மாதம் பதினைந்து ரூபாயில் ஒரு காவலாள் போடத் தீர்மானித்தோம். அந்த வேலையைத் தெரசம்மாளுக்கே கொடுத்தோம். வீடில்லாத எவரையும் உள்ளே விடக்கூடாது என்ற உத்தரவை நானே இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். அவள் கைநாட்டு வைத்தாள். பிள்ளைகளைக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டு, காலனி வாசலில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தாள்.

பூட்டிய வீடு கறையான் பிடித்துப் பாழாகும் அல்லவா? ஆகவே ‘தற்காலிகமாக’ மூன்று வீடுகளைப் பிரசிடெண்டின் சொந்தக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நாலாவதை என் தலையில் கட்டினார்கள்.

பண்டபாத்திரங்களோடு மாட்டுவண்டியில் போய் இறங்கினேன். தெரசம்மாள் எழுந்து வந்து வண்டியை மறித்தாள்.

“ஏனுங்க, உங்களுக்குச் சொந்த ஊடு இருக்குதுங்களா?”

“திருச்செங்கோட்டில் ஒன்று இருக்கிறது. வாடகைக்கு விட்டிருக்கிறேன்.”

அவள் நகர்ந்து வழிவிட்டாள்.

“அப்ப உள்ள போங்க. ஊடில்லாதவங்களைத்தான் உடக்கூடாதுன்னு உத்தரவுங்க.”