‘அக்கா’ பக்கத்தின் பூட்டு

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. அத்தை, அம்மா, இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அப்பா ஆகியோரைத் தவிர அனைவரும் நலம். மிச்சம் இருப்பது நான் ஒருத்தி. நான் கோபமாக இருக்கிறேன். நான் அனுப்பும் செய்திகளுக்கெல்லாம் நீங்கள் கட்டைவிரல் படம் மட்டும் பதிலாக அனுப்புவதால், கட்டைவிரல் அனுப்ப முடியாதபடி தாளில் எழுதுகிறேன்.

விடுமுறையில் நம் குடும்பத்துக்கென்று, எல்லாரும் எழுதித் திருத்தும்படி இணையத்தில் ஒரு விக்கி தொடங்கி, எல்லாருக்கும் கடவுச்சொல் கொடுத்து, என்னை ஆசிரியர் என்று அறிவித்தீர்கள். நானும் அதை நம்பி, சமக்குறி போட்டால் தலைப்பு, நட்சத்திரம் போட்டால் பட்டியல், இரட்டைச் சதுர அடைப்பு போட்டால் இணைப்பு என்று எல்லாம் படித்து, நோட்டில் எழுதிவைத்து, அறுபத்திரண்டு பக்கங்கள் உருவாக்கினேன். பிறகு நம்மவர்கள் வந்தார்கள். முதலில் அப்பா. இருபத்திரண்டு வருடம் அலுவலகக் கடிதம் எழுதியவர், பத்தி தொடங்கும்போது கொஞ்சம் இடம் விடாவிட்டால் அவருக்குக் கை ஓடாது. விக்கியில் வரியின் தொடக்கத்தில் இடம் விட்டால் அந்தப் பத்தி சாம்பல் நிறப் பெட்டிக்குள் போய், மடங்காமல் ஒரே வரியாக வலப்பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். அப்பா தன் கல்லூரி நாட்களைப் பற்றி எழுதியதைத் துணிக்கடையில் துணியை இழுப்பதுபோல் இழுத்து இழுத்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. "அந்த இடத்தை எடுத்துடுங்கப்பா" என்றால், "பத்தின்னா இடம் விடணும். உன் மிஷினுக்கு மரியாதை தெரியலன்னா நான் என்ன பண்றது" என்கிறார். நான் இடத்தை எடுப்பதும் அவர் மறுநாள் விடுவதுமாக ஒன்பது முறை ஆயிற்று. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

ஆனால் ‘அக்கா’ பக்கத்தைப் பொறுக்க முடியாது. நம் வீட்டில் பெரியவர்களைப் பெயர் சொல்லி யாரும் எழுத மாட்டார்கள், எழுத வந்தால் கை கூசும். அதனால் நீங்கள் உங்களைப் பற்றிய பக்கத்தில் "எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவர் [[அக்கா]]" என்று எழுதி, பக்கத்தையும் தொடங்கிவிட்டீர்கள். உங்களுக்கு அக்கா என்றால் என் அத்தை. அம்மாவும் ஓர் இணைப்பு போட்டார். அம்மாவின் அக்கா என் பெரியம்மா. உங்கள் மகளும் போட்டாள். அவளுக்கு அக்கா நான். எல்லா இணைப்பும் ஒரே பக்கத்துக்குத்தான் போகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவரவர் அங்கே போய் அவரவர் அக்காவைப் பற்றி எழுதினார்கள். இப்போது அந்தப் பக்கத்தின்படி அக்காவுக்கு வயது ஐம்பத்து மூன்று, ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறார், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார், பல்லியைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறிவிடுவாள், ஓட்டுநர் தேர்வில் நான்கு முறை தோற்றார்.

கடைசி வரி அம்மா எழுதியது, பெரியம்மாவைப் பற்றி. அத்தைக்கு அது எப்படித் தெரியும்? அத்தை தன் டிரைவிங் ஸ்கூலில் வண்டிக்குக் காத்திருந்த மாணவர்களிடம், "என் தம்பி என்னப் பத்தி நெட்ல எழுதியிருக்கான்" என்று பெருமையாக உங்கள் இணைப்பை அழுத்தி, சத்தமாகப் படித்திருக்கிறார். படித்து முடித்ததும் ஒரு பெண், "அப்ப அஞ்சாவது தடவைதான் பாஸா மேடம்?" என்று கேட்டாளாம்.

அன்று சாயங்காலமே போன் வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஏம்மா, உனக்கு இத யாரு சொன்னா?"

"அண்ணி, அது நீங்க இல்ல. எங்க அக்கா."

"உங்க அக்கா ஸ்கூட்டர்தான ஓட்டுறா?"

"ஸ்கூட்டருக்கும் லைசென்ஸ் வேணும்ல அண்ணி."

"ஓகோ. டிரைவிங் சொல்லிக்குடுக்கிற எனக்கே நீ சட்டம் சொல்லித் தர்றியா?"

அவ்வளவுதான். அத்தை அந்த வரியை அழித்தார், "என் அக்காவைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லையா" என்று அம்மா திரும்பப் போட்டார், இப்படியே பதினொரு முறை. நீங்கள் என்ன செய்தீர்கள்? வரி இருக்கும் நிலையிலேயே பக்கத்தைப் பூட்டிவிட்டு, புதுப் பக்கம் தொடங்கும் உரிமையையும் எல்லாரிடமிருந்தும் எடுத்துவிட்டு, "இனி சண்டை வராது" என்று எழுதிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டீர்கள். இதுவா நியாயம்? எனக்குத் தீர்வு தெரியும் சித்தப்பா. மூன்று பேருக்கும் மூன்று பக்கம், ‘அக்கா’ என்பதில் "நீங்கள் தேடுவது எந்த அக்கா?" என்று ஒரு வழிகாட்டி, முடிந்தது. உரிமை போனது தெரியாமல் உங்கள் பக்கத்தில் இருந்த இணைப்பை [[அத்தை]] என்று மாற்றினேன். புதுப் பக்கம் தொடங்கப் போனால், "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று வருகிறது. பக்கம் இல்லாத இணைப்பு சிவப்பாகத் தெரியும் என்பது எனக்கும் உங்களுக்கும்தான் தெரியும். அத்தை பார்த்துவிட்டு, "மத்தவங்க எல்லாம் நீலத்துல இருக்காங்க, என்ன மட்டும் செவப்புல போட்டு வச்சிருக்கா, நான் என்ன திருடியா?" என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார்.

அதனால் நஷ்டம் யாருக்கு? எனக்கு. சனிக்கிழமைதோறும் அத்தை பயிற்சி காரில் என்னை நூலகத்துக்குக் கூட்டிப்போவார். யாராவது ஒரு மாணவர் ஓட்ட, அத்தை பக்கத்தில் தனி பிரேக்கில் கால் வைத்து உட்கார்ந்திருக்க, நான் பின்சீட்டில் போன வாரக் கதையைச் சொல்லிக்கொண்டு போவேன். அத்தை கதையையும் கேட்பார், கியரையும் கவனிப்பார். நான் படித்ததை முழுசாகக் கேட்கும் ஆள் இந்தக் குடும்பத்தில் அவர் ஒருவர்தான். மூன்று சனிக்கிழமையாக வண்டி வரவில்லை. நான் போன் செய்தால், "கிளாஸ் இருக்கு" என்று வைத்துவிடுகிறார்.

ஆகவே ஆசிரியர் என்ற முறையில் கண்டிப்பாகச் சொல்கிறேன். உடனே பூட்டைத் திறந்து, பக்கங்களைப் பிரிக்க எனக்கு மட்டும் உரிமை கொடுங்கள். இல்லையென்றால் அறுபத்திரண்டு பக்கத்தையும் சேர்த்து விக்கியையே அழித்துவிடுங்கள். எனக்கு விக்கி வேண்டாம், அத்தை வேண்டும்.

சித்திக்கு என் வணக்கம். தங்கைக்கு என் அன்பு, பல்லியைப் பற்றி அவளிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டு, பதில் எழுதவும்.

இப்படிக்கு,
பதவி இருந்தும் பக்கத்தைத் தொட முடியாத ஆசிரியர்,
உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் ஹாரன் கேட்டது. அத்தை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மூணு பக்கமாப் பிரிச்சு எழுதப் போறியாமே, உங்கப்பா சொன்னான். வேணாம்" என்றார். "அது உங்களப் பத்தின தப்பான தகவல் அத்தை" என்றேன். அத்தை வண்டிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "தப்புதான். நாலு இல்ல, அஞ்சு" என்றார். "எனக்குன்னு தனிப் பக்கம் வந்தா, எந்த வருஷம் லைசென்ஸ், எத்தனாவது தடவன்னு நீ கேப்ப. உங்கிட்ட எனக்குப் பொய் வராது. இப்ப யாரு எந்த அக்கான்னு ஒருத்தருக்கும் புரியல, அப்படியே கெடக்கட்டும். ஏறு, நூலகம் போகலாம்" என்றார். அம்மாவிடமும் ஒரு வாய் காப்பி வாங்கிக் குடித்துவிட்டார். ஆகவே பூட்டைத் திறக்க வேண்டாம், எனக்கு எந்த உரிமையும் வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள், ஐந்து என்று இதில் எழுதிவிட்டேன்.